சண்டை கன்னு வைக்கிறவங்களோட இல்ல!

ஞாயித்துக்கிழமை ஆனா கடப்பாறையும் கன்னுமா கிளம்புற நம்ம சிங்கப்பெருமாள் கோவில் பசங்களை "வேலை வெட்டி இல்லாதவங்க"ன்னு கிண்டல் பண்றவங்களே, ஜிஎஸ்டி ரோட்டுல மத்தியானம் 1 மணிக்கு பஸ்ஸுக்கு நின்னு பாருங்க. அப்புறம் பேசலாம்.

அதுக்காக "என் வாசல்ல வேண்டாம்"னு தடுக்குற அக்காக்களை வில்லி ஆக்காதீங்க தம்பிகளா. வேர் காம்பவுண்டைப் பிளக்கும், கிளை ஈபி ஒயர்ல உரசும்னு அவங்க சொல்றது பொய்யா? 2016 டிசம்பர் 12, வர்தா புயல். குல்மோஹர், தூங்குமூஞ்சின்னு எத்தனை மரம் வேரோட சாஞ்சுது! சீக்கிரம் வளருதுன்னு வச்ச வெளிநாட்டு மரங்கள். அதே அவசரத்துல வச்ச கோனோகார்பஸை குஜராத் 2023லயே தடை பண்ணுச்சு. தமிழ்நாடு அரசாணை வந்தது 2025 ஜனவரியில தான்.

ஒயர் போற பக்கம் செம்பருத்தி, நந்தியாவட்டை. இடம் இருக்கிற பக்கம் புங்கன், வேம்பு. இதைத் தெருத்தெருவா வந்து சொல்ல வேண்டியது உள்ளாட்சி நிர்வாகம். அவங்க வரல, அதனால தம்பியும் அக்காவும் முட்டிக்கிறாங்க. (நல்லா இருக்குல்ல?)

மரத்தைச் சுத்தி 1 மீட்டருக்கு சிமெண்ட் கூடாதுன்னு 2013லயே டெல்லிக்கு பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டுச்சு. இங்க பேவர் பிளாக் தண்டு வரைக்கும் வருது!

பசுமைத் தமிழகம் இயக்கத்துக்கு 33 சதவீதம்னு இலக்கு. சரி, நட்ட கன்னுக்கு மே மாசம் தண்ணி ஊத்துறது யாரு? லாரி எந்தக் கிழமை வரும்? கிராம சபையில கேக்குறோம், வாங்க.

#நிழல்_எங்கே #சிங்கப்பெருமாள்கோவில்