வாசலில் நிற்கும் கார் யாருக்கு?

2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தாலும் குறைந்தது, ரிட்டையர் ஆகப்போகிற ஆண்களுக்கு எல்லாம் கார் பேச்சுத்தான். 'முப்பத்தஞ்சு வருஷம் பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் அலைஞ்சாச்சு, இனிமேலாவது சொந்தக் கார்ல போக வேண்டாமா?' என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல எந்த மனைவிக்கும் வாய் வராது. நியாயமான ஆசைதான். ஆனால் கிராஜுவிட்டியும் பி.எஃப். பணமும் வந்த சூட்டோடு ஷோரூமுக்குக் கிளம்பும் முன், வீட்டிலிருக்கும் பெண்கள் ஒரு நாள் பேப்பரும் பென்சிலுமாக உட்கார வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஷோரூம் விலை 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வந்த ஆயுள் வரிக் கணக்குப்படி 13 சதவீதம், அதாவது 1,04,000 ரூபாய் தனி. அதை விடுங்கள். அந்த 8 லட்சத்தை 60 வயது முடிந்தவர்களுக்கான தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டால் என்ன வரும்? 2023 ஏப்ரலில் வைத்த 8.2 சதவீத வட்டிப்படி வருஷத்துக்கு 65,600. மாதக் கணக்கில் 5,400-க்கு மேல். அந்த வருமானம் போச்சு. அடுத்து, இன்ஷூரன்ஸ்காரர்கள் கணக்கில் ஐந்து வயசுக் காருக்குப் பாதி விலைதான். ஐந்து வருஷத்தில் 4 லட்சம் கரைகிறது என்றால் மாதம் 6,600. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர், பேட்டரி எல்லாம் சேர்த்து மாதம் 3,000 என்று குறைவாகவே போடுங்கள். மொத்தம் 15,000. இன்னும் பெட்ரோல் போடவில்லை, வண்டி வாசலை விட்டு அசையவில்லை!

இப்போது போன மாதம் எத்தனை தடவை வெளியே போனீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். டாக்டர் வீடு, கோயில், ஒரு கல்யாணம், ஒரு வளைகாப்பு. உங்கள் ஊர் கால் டாக்ஸி கட்டணத்தை வைத்துக் கூட்டிப் பாருங்கள். வெளியூர் என்றால் கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா, டோல் எல்லாம் சேர்த்தே கூட்டுங்கள். விடை வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் பாதிக்கு மேல் வீடுகளில் 15,000 தொடாது என்று பந்தயம் கட்டுவேன்.

'பத்து வருஷம் வெச்சு ஓட்டினா கணக்கு குறையுமே' என்பார்கள். குறையும். ஆனால் 60-ல் வாங்கினால் பத்தாவது வருஷம் வயசு 70. ஐம்பத்தைந்து வயசுக்கு மேல் லைசென்ஸை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் புதுப்பிக்கிறார்கள், அதற்கும் டாக்டர் சர்டிபிகேட் கேட்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. இரவில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசும் வயசு அது.

மாதச் சந்தா, லீஸ் என்றும் கார் கொடுக்கிறார்கள். இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு இருக்கும், நடுவில் திருப்பிக் கொடுத்தால் அபராதம் இருக்கும், முடிவில் வண்டி நமக்கு இல்லை. சம்பளத்தில் வரிச் சலுகை கிடைக்கும் உத்தியோகஸ்தர்களுக்கு அது சரி. பென்ஷனை நம்பி இருப்பவர்களுக்கு இன்னொரு வாடகை எதற்கு?

பணக் கணக்கு இத்தோடு இருக்கட்டும். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை எந்த ஷோரூமிலும் சொல்ல மாட்டார்கள். கார் வாங்குகிற வீடுகளில் ஓட்டத் தெரிந்தவர் பெரும்பாலும் அவர் ஒருவர்தான். எங்கள் எதிர் வீட்டு மாமியைப் பார்க்கிறேன். கார் வருவதற்கு முன் டவுன் பஸ்ஸில் ஏறித் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி விடுவார். கார் வந்த பிறகு, 'வீட்ல வண்டியை வெச்சுக்கிட்டு பஸ்ல போவியா?' என்று ஒரு கேள்வி. ஆட்டோ கூப்பிட்டால் தண்டச் செலவு. சரி, கூட்டிக்கொண்டு போங்கள் என்றால், 'இன்னிக்கு வெயில்', 'அங்கே பார்க்கிங் கிடையாது', 'நாளைக்குப் பார்க்கலாம்'. பிறகு அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. வண்டி மாதக்கணக்கில் நின்று பேட்டரி இறங்கிவிட்டது. தங்கை வீடு எட்டு கிலோமீட்டர்தான், மாமி போய் ஆறு மாதம் ஆகிறது. அவர் கணவர் கெட்டவர் இல்லை. வாசலில் ஒரு கார் நின்றால் அந்த வீட்டில் மற்ற வழிகள் எல்லாம் அடைபட்டுப் போகின்றன, அவ்வளவுதான். வாடகை வண்டி அப்படி இல்லை. மனைவி கூப்பிட்டாலும் வரும்.

எல்லாருக்கும் இதே பாட்டைப் பாட மாட்டேன். ராத்திரி நெஞ்சு வலி என்றால் கூப்பிட ஒரு வண்டி கிடைக்காத கிராமத்தில் இருப்பவர்கள், நடக்க முடியாத மாமியாரை வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர்கள் கார் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதற்குப் புதுசுதான் வேண்டும் என்பதில்லை. பாதி விலை கரைந்த நாலைந்து வயசு வண்டியை, தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போய்க் காட்டி வாங்கலாம். தூரப் பயணத்துக்கு ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொள்ளலாம். மனைவியும் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள் என்றால் என் ஓட்டு காருக்குத்தான். ஐம்பத்தெட்டு வயசில் 'எல்' போர்டு மாட்டினால் தெரு சிரிக்கும். சிரிக்கட்டுமே, இரண்டு வாரம்.

எப்படியும் வாங்கத்தான் போகிறார் என்றால் ஒரு காரியம் மட்டும் விடாமல் செய்யச் சொல்லுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் நாமினி பெயர் போடும் வசதி 2021-ல் வந்துவிட்டது. பாங்க் பாஸ் புத்தகத்துக்கு நாமினி போடுகிறவர்கள் காருக்குப் போடுவதில்லை. அவர் பெயரில் இருக்கும் வண்டி, அவருக்குப் பின் மூன்று மாதத்துக்குள் மாற்றக் கேட்க வேண்டியது. துக்கம் ஆறாத வீட்டில் வாரிசு சான்றிதழுக்கு அலைவது யார்? நாம்தானே!

வாங்கவில்லை என்று முடிவானால், வட்டியாக வரும் 5,400-ல் 5,000-ஐ மாதா மாதம் 'வண்டிக் காசு' என்று தனி டப்பாவில் போட்டு, டப்பாவை மனைவி கையில் கொடுத்துவிடட்டும். ஏன் போகிறாய், எதற்கு ஆட்டோ என்ற கேள்வி கூடாது. மீந்தால் அவள் பாடு.

- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்