அர்தபீல் கம்பளத்தின் ‘முழுமை’

பாரசீகக் கம்பளங்களை இஸ்லாமியக் கலையாகக் கற்பிக்கும்போது நாம் பெரும்பாலும் ஒரே சான்றுக்குத்தான் செல்கிறோம்: லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் அர்தபீல் கம்பளம். ஹிஜ்ரி 946, அதாவது 1539–40 என்ற ஆண்டு அதிலேயே நெய்யப்பட்டிருக்கிறது. பட்டுப் பாவு, பட்டு ஊடை, கம்பளி முடிச்சுகள். ஏறத்தாழப் பத்தரை மீட்டர் நீளம். அதன் அழகில் எனக்கு ஐயமில்லை. ‘முழுமையாக எஞ்சிய படைப்பு’ என்று அதைச் சொல்லிக்கொடுப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஈரானின் அர்தபீல் நகரில் ஷேக் சஃபியுத்தீனின் அடக்கத்தலத்திற்கென ஒரே வடிவமைப்பில் இரண்டு கம்பளங்கள் நெய்யப்பட்டதாகக் கருதப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டும் சிதைந்த நிலையில் விற்கப்பட்டன. ஒன்றை அறுத்து மற்றொன்றின் கிழிசல்களை அடைத்தார்கள். அப்படி நிறைவாக்கப்பட்டதையே வில்லியம் மாரிஸின் பரிந்துரையின்பேரில் 1893இல் 2,000 பவுண்டுக்கு அருங்காட்சியகம் வாங்கியது. கரையை இழந்த இணை இன்று லாஸ் ஏஞ்சலீஸில் இருக்கிறது. ஆக, நாம் வியக்கும் முழுமையில் ஒரு பங்கு சஃபவியருடையது, மற்றொரு பங்கு விக்டோரியா காலச் சந்தையினுடையது. மையப் பதக்கத்தின் இருபுறமும் தொங்கும் விளக்குகள் ஏன் அளவில் வேறுபடுகின்றன என்று பக்கம் பக்கமாக விவாதிக்கிறோம். கத்தரிக்கோலை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறோம்.

‘இஸ்லாமிய’ என்ற அடைமொழியையும் இங்கேதான் சோதிக்க வேண்டும். கம்பளத்தில் உள்ளது திருக்குர்ஆன் வசனமன்று, ஹாஃபிஸின் கஜல் ஈரடி. அதை அடுத்து, தன்னை ‘வாசலின் அடிமை’ என்று கூறிக்கொள்ளும் மக்சூத் காஷானியின் பெயர். (அவரை நெசவாளர் என்று எழுதுவோர் உண்டு. இத்தனை பெரிய கம்பளத்தைத் தனியொருவர் முடிந்திருக்க இயலாது. அவர் வடிவமைத்தவராகவோ மேற்பார்த்தவராகவோ இருந்திருக்கலாம். முடிந்த விரல்களுக்குப் பெயர் இல்லை.) காதலிக்கும் இறைவனுக்கும் ஒருசேரப் பொருந்தும் அந்தக் கவிதையை வழிபாட்டுச் சொல்லாக்குவது பூக்கொடியோ பதக்கமோ அன்று, அடக்கத்தலத்தின் வாசல். கண்ணாடிப் பேழைக்குள் அந்த வாசல் இல்லை. நாமோ கொடியையும் பதக்கத்தையும் பட்டியலிட்டு, ‘சொர்க்கத் தோட்டம்’ என்று பெயர்சூட்டி, அதையே சமயமாக மாணவருக்குத் தருகிறோம்.

பாடத்திட்டத்தில் நான் கேட்பது சிறிய மாற்றம்தான்: இரு கம்பளங்களின் படங்களையும் ஒரே பக்கத்தில், ஒரே அளவுகோலில் அச்சிடுங்கள். எது எங்கிருந்து அறுக்கப்பட்டது என்பதை மாணவர்களே தேடட்டும்.