பெக்கேஜை மாற்றுவதற்கு முன் பெட்டியின் இடத்தை மாற்றுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ஓ/எல், ஏ/எல் பிள்ளைகள் இருப்பவர்கள் கடைசி வரை வாசித்தால் நல்லது.

பெற்றோர் கூட்டத்துக்கு வருபவர்கள் பாடத்தைப் பற்றிக் கேட்ட பிறகு இப்போது இன்னொன்றும் கேட்கிறார்கள். "சேர், ஸூம் வகுப்பு வெட்டி வெட்டிப் போகுது. பெரிய பெக்கேஜ் போடட்டா?" நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள். ரௌட்டர் எங்கே இருக்கிறது? பிள்ளை எங்கே இருந்து படிக்கிறது? முதல் கேள்விக்குப் பதில் உடனே வரும். ஹோலில், டீவிக்குப் பக்கத்தில். இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்வார்கள். பின் அறையில், குசினிக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவில் மூன்று சுவர், ஒரு ஃபிரிஜ், ஒரு கண்ணாடி அலுமாரி.

என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். ரௌட்டர் வைக்கும் இடத்தை வயர் வரும் சுவரோ டீவியோ தீர்மானிக்கக் கூடாது. பிள்ளையின் படிப்பு மேசை தீர்மானிக்க வேண்டும். அதைச் செய்யாமல் மாதாமாதம் கூடுதல் காசு கட்டுவது, தண்ணீர் வராத குழாய்க்குப் பெரிய வாளி வாங்கி வைப்பது போன்றது.

ஏன் எல்லா வீட்டிலும் அது முன் ஹோலில் போய் உட்கார்கிறது? பூட்ட வருகிற பையன் போஸ்டுக்குக் கிட்ட உள்ள சுவரில் துளை போடுவான். அங்கேயே பெட்டியை வைத்து லைட் எரிகிறதா என்று பார்ப்பான். அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். அவனுக்கு ஒரு நாளில் இத்தனை வீடு என்று கணக்கு இருக்கும். நாமும் தேத்தண்ணி கொடுத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறோம். பிறகு ஐந்து வருடத்துக்கு யாரும் அந்தப் பெட்டியைத் தொடுவதில்லை.

வைஃபையை ஒரு விளக்கு மாதிரி நினைத்துப் பாருங்கள். முன் வாசலில் வைத்த விளக்கின் பாதி வெளிச்சம் ரோட்டுக்குப் போகிறது. ரௌட்டரும் அப்படித்தான். நாலு பக்கமும் பரவும். மூலையில் வைத்தால் பெரும்பகுதி வீட்டுக்கு வெளியே வீணாகிறது. பலகைத் தடுப்பை இலேசாகத் தாண்டும். செங்கல் சுவர் கொஞ்சம் குறைக்கும். கருங்கல் சுவரும் கொங்கிறீட் சிலாப்பும் நிறையவே குறைக்கும். தகரமும் கண்ணாடி அலுமாரியும் திருப்பி அடிக்கும். தண்ணீர் உறிஞ்சிவிடும், அதனால் தண்ணீர்த் தாங்கிக்கும் மீன் தொட்டிக்கும் பின்னால் வைக்காதீர்கள். மைக்ரோவேவ் அடுப்பும் வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்குள்தான் வேலை செய்கிறது. பக்கத்தில் இருந்தால் இடைஞ்சல்.

நம் பஸார் பக்கத்தில் முன்னால் கடை, பின்னால் வீடு என்று நீளமாகக் கட்டிய இடங்களில் நிலைமை இன்னும் மோசம். ரௌட்டர் கடையில், காசு மேசைக்கு மேலே. பிள்ளை கடைசி அறையில். கடைக்கு வருபவர்களுக்கு நல்ல சிக்னல், பரீட்சை எழுதப் போகும் பிள்ளைக்கு ஒற்றைக் கோடு.

இதில் நாம் பேசத் தயங்கும் ஒரு விஷயமும் இருக்கிறது. பல வீடுகளில் பின் அறை மகளுடையது. விருந்தாளி வந்தால் மகன் ஹோலில் இருந்தே போனைப் பார்ப்பான், மகள் உள்ளே போய்விடுவாள். அதோடு அவளுடைய வகுப்பும் நின்றுவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் பெட்டி இருக்கும் இடம் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு நடந்தவை நமக்கு மறந்திருக்காது. 2021இல் பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்தில் பிள்ளைகளும் ஆசிரியையும் சிக்னலுக்காகக் காட்டு வழியே 3 கிலோமீற்றருக்கு மேல் நடந்து ஒரு பாறை உச்சிக்குப் போனது உலகச் செய்தியானது. இன்று நம்மில் பலருக்குச் சிக்னல் வீட்டு வாசல் வரை வந்திருக்கிறது. வாசலில் இருந்து மேசை வரை உள்ள முப்பது அடியை நாம்தான் பார்க்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலில் காசு செலவில்லாத பரிசோதனை. ரௌட்டருக்குப் பக்கத்தில் நின்று போனில் வேகத்தைப் பாருங்கள். பிறகு பிள்ளையின் மேசையில் இருந்து பாருங்கள். பக்கத்திலேயே மெதுவாக இருந்தால் குறை லைனிலோ பெக்கேஜிலோ இருக்கிறது, அப்போது கம்பனியோடு பேசுங்கள். பக்கத்தில் நன்றாக இருந்து மேசையில் விழுந்துவிட்டால் குறை இடத்தில். பிறகு பெரிய பெக்கேஜ் போட்டும் பிரயோசனம் இல்லை. சிக்னல் அளவு காட்டும் இலவச ஆப்களும் உண்டு. மைனஸ் 60 அளவில் காட்டினால் நல்லது. மைனஸ் 70இல் வீடியோ தடுமாறத் தொடங்கும். மைனஸ் 80 என்றால் அந்த இடத்தில் வகுப்பு நடக்காது.

அடுத்தது இடம். வீட்டின் நடுப்பகுதி, ஆள் உயரத்துக்கு மேலே, திறந்த தட்டில். அலுமாரிக்குள்ளோ டீவிக்குப் பின்னாலோ வேண்டாம். அன்டெனா இருந்தால் நேராக நிமிர்த்தி வையுங்கள். ஃபைபர் இன்னும் பூட்டாதவர்கள், பையன் வருவதற்கு முன்பே இடத்தை முடிவு செய்து வைத்து அங்கே பூட்டச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே பூட்டியவர்கள் அந்த மெல்லிய ஃபைபர் வயரை நீங்களே இழுத்து வளைக்க வேண்டாம், உள்ளே இருப்பது கண்ணாடி இழை. பெட்டியில் இருந்து ஒரு நெட்வேர்க் கேபிளை நடு அறைக்கு இழுத்து அங்கே இன்னொரு ரௌட்டரை வைக்கலாம். அந்தக் கேபிள் 100 மீற்றர் வரை வேலை செய்யும். எந்த வீட்டுக்கும் போதும்.

சிம் போடும் 4ஜி ரௌட்டர் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அது டவரில் இருந்தும் வாங்க வேண்டும், வீட்டுக்குள்ளும் கொடுக்க வேண்டும். நம் ஊரில் மலையும் இறப்பர் மரமும் நடுவில் நிற்கின்றன. மழையில் நனைந்த இலை சிக்னலை இன்னும் குறைக்கும். எனவே அதை டவர் இருக்கும் பக்கத்து யன்னலில், மாடி இருந்தால் மாடியில் வையுங்கள். அங்கிருந்து மேசைக்குச் சிக்னல் போதாவிட்டால் கேபிளையோ இரண்டாவது பெட்டியையோ யோசியுங்கள்.

அந்த இரண்டாவது பெட்டியைத்தான் மெஷ் நோட் என்கிறார்கள். இதை வாங்கியவர்களில் பலர் சிக்னல் சுத்தமாக இல்லாத அறையிலேயே கொண்டுபோய் வைக்கிறார்கள். பிறகு "காசு வீண் சேர்" என்கிறார்கள். வகுப்பில் நான் சொல்வது கடைசி வாங்குக்குக் கேட்கவில்லை என்றால், நடு வாங்குப் பிள்ளையைத் திருப்பிச் சொல்ல வைக்கலாம். கடைசி வாங்கில் இருப்பவனையே சொல்லச் சொன்னால் எதைச் சொல்வான்? நோட்டும் அதே. தான் நன்றாகக் கேட்டால்தான் திருப்பிச் சொல்லும். எனவே ரௌட்டருக்கும் பிள்ளையின் அறைக்கும் நடுவழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வையுங்கள். மலிவான ரிப்பீட்டர்களில் ஒரே அலைவரிசையில் கேட்பதும் சொல்வதும் நடப்பதால் வேகம் பாதியாகும். முடிந்தால் நோட்டுக்கும் கேபிள் கொடுங்கள்.

இது பெரிய நகரத்து வித்தை என்று நினைக்க வேண்டாம். அநுராதபுரம் மாவட்டத்தில், வில்பத்துக் காட்டோரம் உள்ள மஹவிலச்சிய கிராமத்தில் நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர் 1998இல் ஹொரைசன் லங்காவைத் தொடங்கிப் பிள்ளைகளைக் கணினியில் உட்கார வைத்தார். 2006இல் அந்தக் கிராமத்து வீடுகள் வயர் இல்லாத மெஷ் வலையால் இணைக்கப்பட்டன. ஒரு வீட்டுப் பெட்டி கேட்டதை அடுத்த வீட்டுக்குச் சொல்லும் முறை. விவசாயக் குடும்பங்களின் ஊர் அது. எந்தப் பெட்டி எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு கிராமத்துக்கே அன்று கணக்குப் போட முடிந்தது என்றால், மூன்று அறை வீட்டுக்கு இன்று நம்மால் முடியாதா?

தோட்டத்து லயன்களில் இருக்கும் என் மாணவர்களின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ரௌட்டர் இல்லை, அப்பாவின் போன் ஹொட்ஸ்பொட்தான் என்றாலும் கணக்கு ஒன்றே. தகரக் கூரைக்குக் கீழே, அறை நடுவில் போனுக்குச் சிக்னல் குறையும். போனை ஒரு துணிப் பையில் போட்டு டவர் பக்கத்து யன்னலிலோ கதவு நிலையிலோ உயரத் தொங்கவிடுங்கள். பிள்ளை உள்ளே இருந்து இன்னொரு போனிலோ டெப்பிலோ படிக்கலாம். பக்கத்துப் பக்கத்து அறைகளில் ரௌட்டர்கள் இருந்தால் எல்லாம் ஒரே சனலில் கத்தும். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11. அயலவர்கள் பேசிப் பிரித்துக்கொண்டால் மூன்று வீட்டுக்கும் நிம்மதி.

"ரௌட்டர் ஹோலில் இருந்தால்தான் பிள்ளை என்ன பார்க்குது என்று தெரியும்" என்று சில வாப்பாமார் சொல்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது, எனக்கும் உண்டு. ஆனால் சிக்னல் குறைவது கண்காணிப்பு ஆகாது. வீட்டு வைஃபை கிடைக்காத பிள்ளை தன் சிம்முக்கு டேட்டா போட்டுக்கொள்ளும், அல்லது போனோடு ரோட்டுக்குப் போகும். அப்போது நமக்கு எதுவுமே தெரியாது. பல ரௌட்டர்களில் இத்தனை மணிக்கு மேல் இந்தப் போனுக்கு இல்லை என்று நேரம் போடும் வசதி இருக்கிறது. அதைப் பாவியுங்கள். மேசையைக் கதவு திறந்திருக்கும் இடத்தில் போடுங்கள். உம்மா வாப்பா இடைக்கிடை வந்து உட்காருங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் பக்கம் பின்னேர இடி மின்னல் கடுமை. வானம் கறுத்தவுடன் ரௌட்டர் பிளக்கைக் கழற்றுங்கள். பழைய டெலிபோன் வயர் லைன் என்றால் அந்த வயரையும் கழற்றுங்கள். ஒரு வீட்டில் இருந்து அடுத்த வீட்டுக்கு வெளியால் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். மின்னல் அந்த வழியால் இரண்டு வீட்டுக்கும் வரும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். பிள்ளையையே போனோடு ஒவ்வொரு அறையாக நடக்கவிட்டு, அளவை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு பெட்டியை நகர்த்தி மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். அது ஒரு நல்ல விஞ்ஞானப் பாடமும்கூட. அதற்குப் பிறகும் சரிவராவிட்டால் அந்தத் தாளை என்னிடம் கொடுத்தனுப்புங்கள், இன்ஷா அல்லாஹ் இருவரும் பார்த்து முடிவு செய்வோம். பெக்கேஜைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.