நர்ஸம்மாவும் கம்ப்யூட்டரும்

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைப் பக்கம் குடியிருக்கும் எங்களுக்குப் பௌர்ணமிக் கூட்டமும் பழக்கம், நர்ஸம்மாவின் வருகையும் பழக்கம். முன்பெல்லாம் அவர் தோள்பையில் தடித்தடியாக ரிஜிஸ்தர்கள் இருக்கும். யாருக்கு எத்தனையாவது மாசம், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்று விரல் நுனியில் வைத்திருப்பார். இப்போது அத்தனையும் கம்ப்யூட்டரில் ஏறியாக வேண்டும்.

இதில் மூத்த நர்ஸம்மாக்கள் படும் பாடு இருக்கிறதே! சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்குச் சுமார் 5,000 பேர் கணக்கு. பகலெல்லாம் வீடு வீடாக நடந்துவிட்டு ராத்திரி, "இதைக் கொஞ்சம் ஏத்திக் கொடுடா கண்ணு" என்று பிள்ளையைக் கெஞ்சுகிறவர்கள் உண்டு. இளையவர்கள் அப்படியா? 2011-ல் ஆரம்பித்த அரசின் இலவச லாப்டாப்பைப் பிளஸ் டூவிலேயே வாங்கித் தட்டிப் பழகியவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

'அவர்கள் பாடு, நமக்கென்ன?' என்று இருந்துவிடாதீர்கள், சகோதரிகளே! கர்ப்பிணியின் விவரம் 'பிக்மி'யில் பதிவானால்தான் 12 இலக்க எண் கிடைக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவிக்கும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். பதிவில் பிசகு வந்தால் அலைச்சல் நமக்குத்தான்.

அதற்காக மூத்தவர்களை மட்டமாக நினைக்கலாமா? கீழ் இமையை இழுத்துப் பார்த்தே, "ரத்தம் பத்தலையே, மாத்திரையை ஒழுங்கா முழுங்குறியா?" என்று பிடித்துவிடுவார்கள். மாமியார் முன்னால் வாய் திறக்காத பெண்ணைத் தனியே கூப்பிட்டு விசாரிப்பார்கள். கம்ப்யூட்டரில் அதற்கெல்லாம் கட்டம் ஏது? இளையவர் இதைக் கற்கட்டும், மூத்தவர் அதைக் கற்கட்டும்.

கற்றுக்கொடுப்பதிலும் பக்குவம் வேண்டும். மகள் போட்ட கோலம் கோணலென்று நாமே அழித்துப் போட்டால், அவள் கோலம் பழகுவது எப்போது? அப்படித்தான் இதுவும். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரலாலேயே தட்டச் சொல்லுங்கள். இரண்டு தடவை தப்பினால் மூன்றாம் தடவை வந்துவிடும். வீட்டுப் பிள்ளைகள் ஏற்றிக் கொடுப்பது நல்லதல்ல. நோயாளியின் விவரம் ரகசியமாயிற்றே!

நம் பங்குக்கும் சில உண்டு. ஆதார் அட்டை, பாங்க் பாஸ்புக் இரண்டிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். பதிந்ததும், "ஒரு தரம் படிச்சுக் காட்டுங்கம்மா" என்று கேளுங்கள். அந்த 12 இலக்க எண்ணை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

உங்கள் ரத்த அளவையும் பிரஷரையும் நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் குறைந்தால் ரத்தசோகை. பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் போனால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கம்ப்யூட்டரில் ஏறும்வரை காத்திருக்கக் கூடாது!