அகலக் கால் பேண்டு திரும்பி வந்தது! பழைய பேண்டுகள் பிழைக்குமா?

பெட்டியில் ஒரு பழைய பேண்டு கிடக்கிறது. நல்ல துணி. எங்கும் கிழியவில்லை. ஆனாலும் மகன் அதைப் போட மறுக்கிறான். "மோஸ்தர் போய்விட்டது, அப்பா!" என்கிறான்.

பல வீடுகளில் நடக்கும் பேச்சுதான் இது. புதுச்சேரியை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கோட்டக்குப்பம். பிரான்சிலும் வளைகுடா நாடுகளிலும் உறவினர் உள்ள குடும்பங்கள் அங்கே பல. வெளிநாட்டுப் பெட்டியில் வரும் பேண்டு எல்லோருக்கும் அளவாக அமைவதில்லை. ஆகவே 'ஆல்டர்' செய்து போடுவது அந்த ஊருக்குப் புதிதல்ல.

சுற்றும் சக்கரம்

1970களில் பெல்பாட்டம் வந்தது. 1990களில் இடுப்பில் மடிப்பு வைத்த தொளதொள பேண்டு வந்தது. 2010க்குப் பிறகு காலோடு ஒட்டிய பேண்டு வந்தது. இப்போது மறுபடியும் அகலக் கால்!

இதில்தான் சிக்கல். அகலத்தைக் குறுக்குவது எளிது. குறுகியதை அகலமாக்குவது கடினம். இல்லாத துணிக்கு எங்கே போவது?

தையலுக்குள் ரகசியம்

ஒரு காலில் 2 தையல் உண்டு. தையலுக்கு 2 ஓரம். ஆக 4 ஓரம். ஓரத்துக்குக் கால் அங்குலம் பிரித்து விட்டால், சுற்றளவு 1 அங்குலம் கூடும். அவ்வளவுதான்.

அளவெடுத்துத் தைக்கும் தையற்காரர் பின்பக்கத் தையலில் கூடுதல் துணி விடுவது வழக்கம். ஆகவே இடுப்பைத் தளர்த்தலாம். ரெடிமேடில் பெரும்பாலும் அந்தத் துணி இருக்காது. ஜீன்சில் ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போட்டிருப்பார்கள். அதைப் பிரித்தும் பயன் இல்லை.

காலை அகலமாக்கியே தீர வேண்டுமா? பக்கவாட்டில் வேறு துணியில் பட்டை வைத்துத் தைக்கலாம். அதுவும் ஓர் அழகுதான்.

மரக்காணம் வரை நீளும் உப்புக் காற்றுக் கரை இது. வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்த பேண்டில் ஜிப்பும் கொக்கியும் துருப்பிடித்திருக்கலாம். அவற்றையும் மாற்றிவிடுவது நல்லது.

வரி குறைந்தது, ஆசை கூடியது

2025 செப்டம்பர் 22 முதல் ஆடைகளுக்கான ஜி.எஸ்.டி. வரி மாறியது. 2,500 ரூபாய் வரை உள்ள ஆடைக்கு 5 சதவீதம். அதற்கு மேல் 18 சதவீதம்.

1,500 ரூபாய் பேண்டுக்கு முன்பு 12 சதவீத வரி, அதாவது 180 ரூபாய். இப்போது 75 ரூபாய். 105 ரூபாய் மிச்சம்!

வாங்குவோருக்கு லாபம். ஆனால் புதியது மலிவானால் பழையதைத் தைக்க யார் வருவார்? ஆல்டர் வேலையை நம்பி மெஷின் மிதிப்பவரின் கதி என்ன?

பிரான்சு நாடு இதற்கு ஒரு வழி கண்டது. 2023 முதல் அங்கே துணி, செருப்பு பழுது பார்த்தால் 6 முதல் 25 யூரோ வரை சலுகை கிடைக்கிறது. துணி விற்கும் கம்பெனிகள் கட்டும் பணத்தில் இது நடக்கிறது. ஆனால் கிழிசல், ஜிப் போன்ற பழுதுகளுக்கு மட்டுமே சலுகை. மோஸ்தருக்காக மாற்றினால் கிடையாது. நம் நாட்டிலோ பழுதுக்கும் அப்படிச் சலுகை இல்லை. நம் சிக்கனத்தை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

புதிய பேண்டு வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். உள்ளே துணி இருக்கிறதா என்று பாருங்கள்.

பருத்திப் பேண்டை ஒரு முறை துவைத்து உலர்த்திய பிறகே ஆல்டருக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் பிறகு சுருங்கும்.

காலைக் குறுக்கும்போது இரு பக்கத் தையலிலும் சமமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் இஸ்திரிக் கோடு கோணும்.

முக்கியமாக, "மிச்சத் துணியை வெட்டாதீர்கள், அண்ணே! உள்ளேயே விட்டுத் தையுங்கள்" என்று சொல்லுங்கள்.

மோஸ்தர் நாளை மறுபடியும் மாறும். உள்ளே துணி இருந்தால், அதே பேண்டைத் தம்பி போட்டுக்கொள்வான்.