இனாமும் கூலியும்

குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டால் தென்காசிச் சீமை முழுவதுமே விருந்தாளிகளின் ஊராகிவிடுகிறது. பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் வரும் ஜனங்களுக்காக அறை பெருக்குகிறவர்கள், இலை போடுகிறவர்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் என்று எத்தனையோ பேர் இரவு பகலாக உழைக்கிறார்கள். 'டிப்ஸ்' என்று இப்போது வழங்கும் இனாமைப் பற்றி இரு தரப்பிலும் மனத்தாங்கல் இருந்துவருகிறது. "பில்லுக்குப் பணம் கொடுத்த பிறகும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார்களே" என்கிறார் வந்தவர். "ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறவர் பத்து ரூபாய்க்கு முகம் சுளிக்கிறாரே" என்கிறார் சிப்பந்தி. நம் அபிப்பிராயத்தில் இருவரும் தவறான ஆளின்மீது கோபங்கொள்கிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஆடி மாதத்தில் அங்கே ஒரு விடுதியில் தங்க நேர்ந்தது. மூன்று மாடி ஏறி வெந்நீர் கொண்டுவந்த இளைஞருக்குத் திருவேங்கடம் பக்கத்துக் கிராமம். மானாவாரிக் கரிசலில் ஐப்பசி மழை வரும்வரை வேலை இராது. ஆகவே இங்கு வந்ததாகச் சொன்னார். சம்பளம் எவ்வளவு என்று கேட்டதற்குச் சிரித்தார். முதலாளியிடமே கேட்டோம். "சம்பளம் கொஞ்சந்தான் ஐயா, இனாமில் சரிக்கட்டிக்கொள்வார்கள்" என்று சிறிதும் கூச்சமின்றிச் சொன்னார். விஷயம் முழுவதும் இந்த வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. முதலாளி கொடுக்கவேண்டிய கூலியை விருந்தாளி கொடுக்கிறார்; அதுவும் அவருக்கு மனம் வந்தால். புறப்படும்போது நாமும் ஐம்பது ரூபாய் கொடுத்தோம். அந்த இளைஞர் கும்பிட்டார். அந்தக் கும்பிடு நமக்குப் பிடிக்கவில்லை.

இது குற்றாலத்துக்கு மட்டும் உரிய வியாதியன்று. அமெரிக்காவில் புல்மன் கம்பெனியின் தூங்கும் ரயில் வண்டிகளில் ஊழியம் செய்த கறுப்பின மக்கள், அற்பச் சம்பளத்தில், பிரயாணிகளின் இனாமை நம்பியே காலந்தள்ளினார்கள். 1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃபின் தலைமையில் சங்கம் கண்டார்கள். பன்னிரண்டு வருஷம் போராடி, 1937-ல் கம்பெனியைக் கையெழுத்துப் போடவைத்துச் சம்பள உயர்வு பெற்றார்கள். அந்த நாட்டிலேயே, இனாம் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தம் கையிலிருந்து கொடுக்கவேண்டியதாக மத்திய சட்டம் விதித்துள்ள கூலி, மணிக்கு 2 டாலர் 13 சென்ட் என்று 1991 முதல் அசையாமல் நிற்கிறது. மிச்சத்தை இனாம் நிரப்பவேண்டுமாம்!

நம் நாட்டுச் சட்டம் அவ்வளவு மோசமில்லை. அரசியல் சட்டத்தின் 43-வது ஷரத்து வாழ்க்கைக் கூலியைப் பற்றிப் பேசுகிறது. இனாமைப் பற்றிப் பேசவில்லை. 1948-ம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் இடத்தில், 2019-ல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்திருக்கிறது. இதற்கிடையில், பட்டணத்து ஹோட்டல்காரர்கள் சிலர் 'சேவைக் கட்டணம்' என்று பில்லிலேயே சேர்த்து வசூலிக்கத் தொடங்கினார்கள். அதைக் கட்டாயப்படுத்தக் கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் உத்தரவிட்டது. டில்லி ஹைகோர்ட் 2025 மார்ச்சில் அதை ஊர்ஜிதம் செய்தது. கொடுப்பதும் கொடாததும் வந்தவர் இஷ்டம் என்பதே சட்டம். அப்படியானால், கோர்ட்டுக்குப் போய்க் கேட்க முடியாத ஒரு பணத்தை ஒருவருடைய சம்பளம் என்று எப்படிச் சொல்வது?

சிப்பந்தி நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. இனாம் கொடுப்பவர் அறைக்கு வெந்நீர் முதலிலும், கொடாத கிழவருடைய அறைக்குக் கடைசியிலும் போவதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே இனாம் மாமூலாகிவிடுகிறது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பவர் கூலியை முதலிலேயே பேசிக்கொள்கிறார். வேலை முடிந்ததும் கணக்காக வாங்கிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார். எவர் முகத்தையும் அவர் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. விடுதிச் சிப்பந்திக்கும் அந்த நிமிர்வு வேண்டும். ஆனால் மாதச் சம்பளம் வயிற்றுக்குப் போதாதவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமன்று.

மனமுவந்து கொடுக்கிறவர்களை நாம் தடுக்கவில்லை. அடுத்த சாரலுக்கு முன் விடுதி முதலாளிகள் தங்கள் சிப்பந்திகளின் சம்பளத்தைச் சர்க்கார் விதித்த அளவுக்காவது உயர்த்தி, கணக்கில் எழுதி, மாதந்தோறும் கொடுக்கவேண்டும். தொழிலாளர் இலாகா அதிகாரிகளுக்குத் தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர் தூரந்தான். ஒரு நாளாவது, அருவியில் குளிக்க அல்லாமல் சம்பளப் பதிவேட்டைப் பார்ப்பதற்காக அவர்கள் அங்கே போய்வரட்டும்.