ஆடு ஒரு வீட்டு விலங்கு (மூணு தடவை எழுதவும்)

மக்களே, இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கு வந்ததுகூட வயித்தெரிச்சல் தாங்காமத்தான். கொஞ்சம் காட்டமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

என் பொண்ணு நாலாம் வகுப்பு. போன வாரம் 'ஆடு' பத்தி அஞ்சு வரி எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. அம்மணி எழுதினது கீழே, எழுத்துப்பிழையோட அப்படியே:

"எங்க ஆச்சி வீட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு. ஒன்னு வெள்ளை ஒன்னு கருப்பு. கருப்பு குட்டி மளையில நனஞ்சு செத்துப் போச்சு. ஆச்சி அழுகல. ஆனா ராத்திரி சோறு திங்கல."

கடைசி ரெண்டு வரிய இன்னொரு தடவை படிங்க. நானும் 2006-லேர்ந்து பதிவு எழுதுறேன். சிறுகதைன்னு சொல்லிக்கிட்டு நாலஞ்சு கொடுமைகளும் பண்ணியிருக்கேன். இப்படி ரெண்டு வரி எனக்கு வந்ததே இல்ல.

நோட்டு திரும்பி வந்தப்போ அஞ்சு வரிக்கும் குறுக்க ஒரே சிவப்புக் கோடு. 'பேச்சு வழக்கு கூடாது. பார்த்து 3 முறை எழுதவும்.' கீழே மூணு தடவை: "ஆடு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு. அது நமக்குப் பால் தரும்." முத்து முத்தான கையெழுத்து. 'குட்' போட்டு ஒரு ஸ்டார் வேற.

ஆட்டுக்கு நாலு காலாம்! ஆட்டையே பார்க்காதவனுக்கு வேணா அது சேதியா இருக்கலாம். ஆட்டோட வளர்ற பிள்ளைக்கு எதுக்குங்க?

டீச்சரைத் திட்டத்தான் உக்காந்தேன். ஆனா ஒரு உண்மையச் சொல்லிடறேன். அதுக்கு முந்தின நாள் ராத்திரி அந்த நோட்டை என்கிட்டதான் மொதல்ல நீட்டினா. நான் கேட்ட முதல் கேள்வி, "மழைக்கு எந்த ழ?" குட்டி செத்தது எனக்குத் தெரியாது. ஊர்ல இருந்து போன்ல ஆச்சி அவகிட்ட மட்டும் சொல்லியிருக்காங்க. அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்காம ழகரத்தைப் பிடிச்சுத் தொங்கியிருக்கேன். டீச்சருக்காவது நாப்பது நோட்டு திருத்தணும். எனக்கு என்ன கேடு?

அந்த நாப்பது நோட்டு விஷயத்தையும் பேசணும். சிவப்பு மை யாருக்காகன்னு நினைக்கிறீங்க? ஆய்வுக்கு வர்ற அதிகாரி நோட்டைப் புரட்டுவார், தேதியும் கையெழுத்தும் இருக்கான்னு பார்ப்பார். அப்புறம் நம்மள மாதிரி பெத்தவங்க. "திருத்தவே இல்லையே, என்ன பாடம் நடத்துறாங்க"ன்னு கேட்கப் போறது நாமதானே? கையெழுத்து அழகா இருந்தா 'பிள்ளை நல்லா எழுதுது'ன்னு சொல்றதும் நாமதான். கையெழுத்து வேற, எழுத்து வேற சாமி. ஜெராக்ஸ் மெஷினும் அழகாத்தான் எழுதுது.

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள்ல 2007-08 வாக்குல செயல்வழிக் கற்றல் பரவலா வந்தப்போ, வகுப்புச் சுவர்ல பிள்ளைங்க உயரத்துக்குத் தாழ்வா கரும்பலகை அடிச்சாங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம். அந்த முறை மேல ஆயிரம் குறை சொன்னாங்க, சிலது நியாயமும்கூட. ஆனா அந்தத் தாழ்வான பலகை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தப்பா எழுதினா உள்ளங்கையால அழிச்சுட்டு மறுபடி எழுதலாம், எந்தத் தடயமும் மிஞ்சாது. நோட்டுல விழுந்த சிவப்புக் கோடு வருஷம் முழுக்க அங்கயே உக்காந்து முறைக்கும்.

"அப்போ பிழையத் திருத்தவே வேணாமா, தமிழ் என்னாகிறது?"ன்னு கேட்டுக்கிட்டு ரெண்டு பேர் வருவீங்க, தெரியும். கருப்பா கறுப்பான்னு ஒரு வாரம் சண்டை போட்ட கூட்டம்தானே நாம. திருத்துங்க, வேணாம்னு சொல்லல. ரெண்டாவதா திருத்துங்க. மொதல்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க, அதுக்குப் பதில் சொல்லுங்க. அப்புறமா ஒரே ஒரு பிழைய எடுத்துக்கோங்க. இன்னிக்கு ழ, அடுத்த வாரம் ற. 'போட்டுச்சு' இப்போதைக்கு இருந்துட்டுப் போகட்டும். வாயில இருக்கிற தமிழ் காகிதத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அதுக்கு 'போட்டது'ன்னு சட்டை மாட்டணும். வாசல்லயே விரட்டிட்டா சட்டைய யாருக்கு மாட்டுவீங்க?

ஃபிரான்ஸ்ல செலஸ்தேன் ஃப்ரெனேன்னு ஒரு கிராமத்து வாத்தியார் இருந்தார். முதல் உலகப்போர்ல நுரையீரல்ல அடிபட்டவர், வகுப்புல ரொம்ப நேரம் சத்தமாப் பேச முடியாது. 1924-ல சின்னதா ஒரு அச்சு இயந்திரம் வாங்கி வகுப்புல வச்சார். பிள்ளைங்க தங்கள் சொந்த சேதிய எழுதி, தாங்களே எழுத்துக் கோத்து அச்சடிப்பாங்க. அதைத் தூரத்துல பிரிட்டனி பக்கம் இருந்த இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாங்க, அங்கேருந்தும் வரும். பிழையும் அங்க திருத்தினாங்க, அச்சுக்குப் போகுதேன்னு எல்லாரும் சேர்ந்து உக்காந்து. யோசிச்சுப் பாருங்க, நூறு வருஷத்துக்கு முன்னாடியே பிளாக் நடத்தியிருக்காங்க! நாம முப்பது வயசுக்கு மேல ஒரு பிளாக்கைத் திறந்து, யாரோ முகம் தெரியாதவர் "நல்லாருக்கு பாஸ்"னு சொன்னப்புறம்தானே எழுதறதுல சொகம் இருக்குன்னே கண்டுபிடிச்சோம்? பன்னெண்டு வருஷப் பள்ளிக்கூடத்துல அது ஏங்க கிடைக்கல? அங்க நாம எழுதினதை யாரும் படிக்கல, திருத்த மட்டும்தான் செஞ்சாங்க.

என் வீட்டு அச்சு இயந்திரம் அஞ்சல் அட்டை. ஞாயித்துக்கிழமை பாப்பா அந்த அஞ்சு வரிய ஆச்சிக்கு எழுதினா. மூணு நாள்ல எழுதிக் கேட்டா போய் நிக்கிற இம்போசிஷன் மூஞ்சி இல்ல, அட்டையில இடம் பத்தலன்னு ஓரத்துலயும் எழுதினா. ஆச்சிக்கு கண் சரியாத் தெரியாது, பக்கத்து வீட்டு அக்கா படிச்சுக் காட்டியிருக்காங்க. நேத்து ஆச்சி போன்ல, "ஏட்டி, நான் சோறு திங்காதது ஒனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான் ஆச்சி, வயிறு சரியில்லன்னு சொன்னீங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் வெள்ளைக்குட்டி பண்ற சேட்டையெல்லாம் சொல்ல ஆரம்பிச்சாங்க. இவ பென்சில் தேடிக்கிட்டு ஓடினா.

டிஸ்கி: அஞ்சு வரியும் பாப்பா அனுமதியோடதான் போட்டிருக்கேன். 'மளை'ய மட்டும் மாத்திடச் சொன்னா. அடுத்த அட்டையில சரியா எழுதிட்டா, அதனால இங்க மாத்தல. உங்க வீட்டு வாண்டு சொந்தமா எழுதினது ஏதாச்சும் இருந்தா பின்னூட்டத்துல போடுங்க. பிழை திருத்தாம.